கணக்கைத் திறந்து காட்டும் ஆசிரியர்: அஸ்வத் தாமோதரனின் இலவச நிதி வகுப்புகளும் தரவுத் தாள்களும்

நிதி மேலாண்மையைக் கல்லூரியில் கற்பிப்பவர்களுக்கு ஒரு பழைய சங்கடம் உண்டு. பாடநூல் கணக்கில் பீட்டா, அதாவது சந்தையின் ஏற்ற இறக்கத்தோடு ஒப்பிட்டால் ஒரு பங்கு எவ்வளவு ஏறி இறங்கும் என்ற அளவு, 1.2 என்று கொடுத்திருப்பார்கள்; ரிஸ்க் பிரீமியம், அதாவது இடரைச் சுமப்பதற்காக முதலீட்டாளர் கேட்கும் கூடுதல் வருமானம், 8 சதவீதம் என்று கொடுத்திருப்பார்கள். மாணவர் பெருக்கிக் கூட்டி விடையை எழுதி முழு மதிப்பெண்ணும் வாங்கிவிடுவார். அந்த 1.2 எங்கிருந்து வந்தது என்று ஒரு மாணவி எழுந்து கேட்டால் பெரும்பாலான வகுப்புகளில் பதில் இருக்காது. என் வகுப்பிலும் நெடுநாள் இருக்கவில்லை. பதில் தேடி, கட்டணம் செலுத்தி ஒரு வார இறுதிப் பயிலரங்கில் நானே சேர்ந்தேன். அங்கும் ஓர் அட்டவணையைத் திரையில் காட்டி, இதுதான் தொழிலில் வழக்கமான எண் என்று சொன்னார்களே தவிர, அது எந்த ஆண்டின் எண், யார் கணக்கிட்டது, எந்த நிறுவனங்களை வைத்துக் கணக்கிட்டது என்று சொல்லவில்லை. அந்த ஏமாற்றத்தோடு தேடியபோதுதான் அஸ்வத் தாமோதரனின் இணையதளத்தை முழுமையாகப் பயன்படுத்தத் தொடங்கினேன். மூன்று ஆண்டுகளாக அதிலேயே படித்தும் அதைக் கொண்டே கற்பித்தும் வருகிறேன். ஒரு கல்விச் சேவை என்ற அளவில் அது எதைத் தருகிறது, எங்கே குறைபடுகிறது என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

தாமோதரன் சென்னையில் பிறந்தவர். லயோலா கல்லூரியில் வணிகவியலும், பெங்களூரு இந்திய மேலாண்மைக் கழகத்தில் மேலாண்மையும் படித்துவிட்டு அமெரிக்கா சென்று, லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் 1985இல் முனைவர் பட்டம் பெற்றார். பெர்க்லியில் இரண்டு ஆண்டுகள் வருகைதரு ஆசிரியராக இருந்தபின், 1986 முதல் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஸ்டெர்ன் வணிகப் பள்ளியில் நிறுவன நிதியும் மதிப்பீடும் கற்பித்து வருகிறார். அந்தப் பல்கலைக்கழகத்தின் சிறந்த ஆசிரியர் விருதை 1990இல் மிக இளம் வயதில் பெற்றவர் அவர். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக ஒரே பள்ளியில் ஒரே இரண்டு பாடங்களைக் கற்பிப்பவருடைய வகுப்பு சலித்துப்போயிருக்கும் என்று நினைத்துத்தான் முதல் காணொளியைத் திறந்தேன். அந்த எண்ணம் முதல் வாரத்திலேயே மாறிவிட்டது. பாடம் பழையதுதான்; ஆனால் அதில் பயன்படும் சந்தைத் தரவு ஒவ்வொரு ஆண்டும் புதியது.

சேவையின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி கடைசியிலோ பிப்ரவரி தொடக்கத்திலோ ஆரம்பித்து மே மாதம் வரை நடக்கும் பருவத்தில், எம்பிஏ மாணவர்களுக்கு அவர் எடுக்கும் வகுப்புகள் அப்படியே பதிவாகி இணையதளத்திலும் யூடியூபிலும் ஏறிவிடுகின்றன. பாடக் குறிப்புகள், வகுப்பு தொடங்கும்போது கொடுக்கும் சிறு சோதனை, வகுப்பு முடிந்தபின் கொடுக்கும் சோதனையும் அதன் விடையும், பல ஆண்டுகளின் பழைய தேர்வுத் தாள்கள், அவற்றின் தீர்வுகள், எக்செல் தாள்கள் ஆகிய எல்லாமே அங்கே இருக்கின்றன. எதற்கும் பதிவு செய்ய வேண்டியதில்லை, கடவுச்சொல் இல்லை, கட்டணம் இல்லை, விளம்பரமும் இல்லை. முழு வகுப்பையும் பார்க்க நேரம் இல்லாதவர்களுக்காக அதே பாடங்களைப் பத்துப் பதினைந்து நிமிடக் காணொளிகளாகச் சுருக்கியும் தந்திருக்கிறார். கணக்கியல், அடிப்படை நிதி, புள்ளியியல் ஆகியவற்றில் பலவீனமானவர்களுக்கு முன்தயாரிப்பு வகுப்புகளும் தனியாக உண்டு. சான்றிதழ் வேண்டுமென்றால் பல்கலைக்கழகம் கட்டணம் பெற்று நடத்தும் வேறு வகுப்பில்தான் சேர வேண்டும். இலவச வகுப்பை முடித்ததற்கு எந்தத் தாளும் கிடைக்காது. வேலைக்கு விண்ணப்பிக்கும் மாணவர்கள் இதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

நான் முதலில் முடித்தது நிறுவன நிதி வகுப்பு. முதலீட்டு முடிவு, நிதி திரட்டும் முடிவு, லாபப் பங்கு முடிவு என்று எல்லா நூல்களிலும் உள்ள அதே மூன்று தூண்கள்தான். ஆனால் ஒவ்வொரு தலைப்பிலும் அதே நிறுவனங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன: டிஸ்னி, பிரேசிலின் சுரங்க நிறுவனமான வாலே, நம் டாடா மோட்டார்ஸ், சீனாவின் பைடு, டாய்ச்சு வங்கி, புக்ஸ்கேப் என்ற ஒரு தனியார் புத்தகக் கடை. ஒரு தலைப்புக்கு ஓர் உதாரணம் என்று தாவும் முறையைவிட இது எவ்வளவு வலுவானது என்பது பாதிப் பருவம் கடந்தபோதுதான் எனக்குப் புரிந்தது. டிஸ்னியின் மூலதனச் செலவை (அதற்குப் பணம் தந்தவர்கள் எதிர்பார்க்கும் வருமான விகிதத்தை) கணக்கிட்டவர், சில வாரங்கள் கழித்து ரியோவில் ஒரு டிஸ்னி பூங்கா கட்டலாமா என்ற கற்பனைத் திட்டத்தில் அதே எண்ணைப் பயன்படுத்தப் போகும்போது, பிரேசிலின் இடர் வேறு, பூங்காத் தொழிலின் இடர் வேறு, நிறுவனம் முழுவதற்குமான சராசரி அங்கே பொருந்தாது என்று தானே கண்டுபிடிக்கிறார். ஆசிரியர் சொல்லித் தெரிவதற்கும், தான் போட்ட கணக்கு தன் கையிலேயே உடைவதைப் பார்த்துத் தெரிவதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

நிர்வாக ஆட்சிமுறை பற்றிய வகுப்பு குறிப்பிட்டுச் சொல்ல வேண்டியது. தொண்ணூறுகளின் நடுவில் டிஸ்னியின் இயக்குநர் குழுவில் இருந்தவர்களின் பட்டியலை அவர் திரையில் வைக்கிறார். தலைமை நிர்வாகியின் சொந்த வழக்கறிஞர், அவருடைய பிள்ளைகள் படித்த பள்ளியின் தலைமையாசிரியர் ஆகியோர் அதில் இருக்கிறார்கள். பங்குதாரரின் நலனைக் காக்க வேண்டிய குழுவை நிர்வாகியே நிரப்பிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. இந்தப் பட்டியலைக் காட்டிவிட்டு, பட்டியலிட்ட ஓர் இந்திய நிறுவனத்தின் ஆண்டறிக்கையை ஆளுக்கொன்றாக என் மாணவர்களிடம் கொடுத்து, சுயேச்சை இயக்குநர்கள் உண்மையில் யார் என்று தேடச் சொன்னேன். அந்த வாரம் வந்த கட்டுரைகளைப் போல அதற்கு முன் எந்தப் பருவத்திலும் வந்ததில்லை.

இப்போது தரவுக்கு வருகிறேன். என் பார்வையில் இந்தச் சேவையின் உயிர் இதில்தான் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியின் முதல் இரண்டு வாரங்களில், உலகின் பங்குச் சந்தைகளில் பட்டியலிட்டுள்ள நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்களின் எண்களைத் தொண்ணூறுக்கும் மேற்பட்ட தொழில்துறைகளாகப் பிரித்து, துறைவாரியான பீட்டா, மூலதனச் செலவு, லாப விகிதம், மறுமுதலீடு, கடன் விகிதம், விலை மடங்குகள் ஆகியவற்றின் சராசரிகளை எக்செல் தாள்களாக வெளியிடுகிறார். அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான், வளரும் நாடுகள் என்று பிரித்ததோடு இந்தியாவுக்கும் சீனாவுக்கும் தனித்தனித் தாள்கள் தந்திருக்கிறார். பழைய ஆண்டுகளின் தாள்களும் காப்பகத்தில் கிடைப்பதால், ஒரு துறையின் லாப விகிதம் பத்து ஆண்டுகளில் எப்படி மாறியது என்பதை மாணவரே வரைந்து பார்க்கலாம். 1928 முதல் அமெரிக்கப் பங்குகள், கடன் பத்திரங்கள், அரசின் குறுகிய காலக் கடன் பத்திரங்களான கருவூல உண்டியல்கள் ஆகியவற்றின் ஆண்டு வருமானங்கள் ஒரே தாளில் இருக்கின்றன. இந்தத் தரவைத் தொகுக்க ஆகும் சந்தாச் செலவை எந்த நடுத்தரக் கல்லூரியின் நூலகமும் தாங்காது. அதை ஒருவர் சுத்தம் செய்து, வரையறைகளை எழுதி, தேதி போட்டு, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்திருப்பது சிறிய காரியமல்ல.

ரிஸ்க் பிரீமியம்தான் அவருடைய உழைப்பு அதிகம் தெரியும் இடம். கடந்த காலச் சராசரியை எடுத்துக்கொள்வதே பழைய வழக்கம். அவரோ அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் அடங்கிய எஸ் அண்ட் பி 500 குறியீடு இன்று இருக்கும் நிலை, அந்த நிறுவனங்கள் லாபப் பங்காகவும் திரும்ப வாங்கும் பங்குகளாகவும் கொடுக்கும் பணம், அது வளரும் என்று எதிர்பார்க்கும் வேகம் ஆகியவற்றை வைத்து, இந்த விலையைக் கொடுக்கும் முதலீட்டாளர் எத்தனை சதவீத வருமானத்தை எதிர்பார்க்கிறார் என்று பின்னோக்கிக் கணக்கிட்டு, அதிலிருந்து கருவூலப் பத்திர வட்டியைக் கழிக்கிறார். 2008 தொடக்கத்தில் 4.37 சதவீதமாக இருந்த அந்த எண் நிதி நெருக்கடிக்குப் பின் 2009 தொடக்கத்தில் 6.43 சதவீதமானது. 2022 தொடக்கத்தில் 4.24, 2023 தொடக்கத்தில் 5.94, 2024 தொடக்கத்தில் 4.60, 2025 தொடக்கத்தில் 4.33. நெருக்கடி வெடித்த 2008 செப்டம்பரிலிருந்து இதை மாதந்தோறும் கணக்கிட்டு வருகிறார். ‘8 சதவீதம் எனக் கொள்க’ என்று எழுதிய பாடநூலையும் இந்த வரிசையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் மாணவருக்கு, இடரின் விலை நிலையானதல்ல என்பதை வேறு யாரும் சொல்லத் தேவையில்லை.

இந்தியாவில் இந்த எண்களைப் பயன்படுத்தும்போது பலரும் செய்யும் ஒரு தவற்றைச் சொல்ல வேண்டும், நானும் செய்தேன். எண்களைச் சுலபமாக்கி வைத்துக்கொள்வோம். பத்தாண்டு அரசுக் கடன் பத்திரத்தின் வட்டி 7 சதவீதம் என்றும், அரசு கடனைத் திருப்பித் தராமல் போகலாம் என்ற இடர் (அதன் தர மதிப்பீட்டின்படி) அதில் 2 சதவீதம் என்றும், இந்தியப் பங்குகளுக்கான ரிஸ்க் பிரீமியம் நாட்டின் இடரையும் சேர்த்து 7.5 சதவீதம் என்றும் கொள்வோம். துறையின் கடனற்ற பீட்டா (கடனின் பாதிப்பை நீக்கியது) 0.9, நிறுவனத்தின் கடன் அதன் பங்கு மதிப்பில் பாதி, வரி 25 சதவீதம் என்றால், கடனுள்ள பீட்டா 0.9ஐ 1.375ஆல் (1 + 0.75 × 0.5) பெருக்கிய 1.24 ஆகும். பெரும்பாலோர் 7 சதவீதத்தை இடரற்ற வட்டியாக எடுத்துக்கொண்டு, அதன்மேல் 1.24ஐ 7.5ஆல் பெருக்கிக் கூட்டி, பங்கு மூலதனத்தின் செலவு ஏறத்தாழ 16.3 சதவீதம் என்பார்கள். தாமோதரன் முறையில் 7இலிருந்து அரசின் இடரான 2ஐ முதலில் கழித்துவிட வேண்டும். ஏனென்றால் அந்த இடர் ஏற்கெனவே 7.5க்குள் ஏறியிருக்கிறது. அப்போது செலவு 14.3 சதவீதம்தான். அடுத்த ஆண்டு 100 ரூபாய் தந்து, பிறகு ஆண்டுக்கு 5 சதவீதம் வளரும் பணப் பாய்வின் மதிப்பு முதல் கணக்கில் ஏறத்தாழ 885 ரூபாய், இரண்டாவது கணக்கில் ஏறத்தாழ 1,075 ரூபாய். ஒரே நாட்டின் இடரை இரண்டு தடவை சேர்த்ததால் மட்டும் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு மதிப்பு காணாமல் போகிறது. அந்தப் பயிலரங்கில் எனக்குக் கொடுத்த தாளில் இந்தத் தவறு அப்படியே இருந்தது என்பதை இந்த வகுப்பைக் கேட்டபிறகுதான் கண்டேன்.

அதே வகுப்பில் அவர் வலியுறுத்தும் இன்னொன்று, நிறுவனம் எங்கே பதிவாகியிருக்கிறது என்பதைவிட எங்கே வியாபாரம் செய்கிறது என்பதே நாட்டின் இடரைத் தீர்மானிக்க வேண்டும் என்பது. பெங்களூரில் தலைமையகம் வைத்துக்கொண்டு வருமானத்தின் பெரும்பகுதியை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஈட்டும் மென்பொருள் நிறுவனத்துக்கு இந்தியாவின் முழு ரிஸ்க் பிரீமியத்தையும் ஏற்றுவது பொருந்தாது. ஜாகுவார் லேண்ட்ரோவரை வைத்திருந்த டாடா மோட்டார்ஸ் வாகனங்களை உலகெங்கும் விற்றது என்பதை அதன் கணக்கிலும் காட்ட வேண்டும். வருமானத்தை நாடுவாரியாகப் பிரித்து எடையிடும் இந்த முறை எளிமையானது. ஆண்டறிக்கையின் பின்பக்கங்களில் உள்ள புவியியல் பிரிவு அட்டவணையை மாணவர்கள் முதல் தடவையாகத் தேடிப் போனது இதனால்தான்.

ஆராய்ச்சியாளர் என்ற முறையில் அவரைப் பற்றிப் பேராசிரியர் வட்டாரங்களில் ஒரு விமர்சனம் அடிக்கடி எழும்: உயர்தர ஆய்விதழ்களில் அவர் எழுதியது குறைவு என்பார்கள். தொடக்க காலத்தில் அவர் அத்தகைய ஆய்வுகள் செய்தவர்தான். வெள்ளிக்கிழமைகளில் வரும் லாப அறிவிப்புகளிலும் லாபப் பங்கு அறிவிப்புகளிலும் கெட்ட செய்தி இருக்கும் வாய்ப்பு அதிகம் என்று காட்டிய ஆய்வு 1989இல் வெளிவந்தது. தகவலுக்கேற்ப விலை எவ்வளவு வேகமாகத் திருத்திக்கொள்கிறது என்பதை அளக்கும் முறை பற்றிய ஆய்வு 1993இல் வந்தது. அதன்பின் அவருடைய ஆற்றல் நூல்களுக்கும் தரவுக்கும் திரும்பிவிட்டது. ரிஸ்க் பிரீமியம் பற்றிய நீண்ட கட்டுரையை ஆண்டுதோறும் புதுப்பித்து இலவசமாக வெளியிடுவதும் அதன் பகுதி. பதவி உயர்வுக்கான அளவுகோலில் இதற்கு எத்தனை மதிப்பெண் என்பதைப் பல்கலைக்கழகங்கள் தீர்மானிக்கட்டும். மூலதனச் செலவை எழுத வேண்டிய பகுப்பாய்வாளர் முதலில் திறந்து பார்க்கும் தாளைத் தயாரிப்பதும் ஆராய்ச்சிதான் என்பது என் உறுதியான கருத்து. எங்கள் துறையில் ஆய்வுக் கட்டுரைகளின் எண்ணிக்கை பெருகிக்கொண்டே போகிறது; அவற்றில் ஒன்றைக்கூட எந்தத் தணிக்கையாளரும் எந்த வங்கியாளரும் மேசைமேல் வைத்து நான் பார்த்ததில்லை.

தொழில் உலகத்தோடு அவருக்குள்ள உறவைத்தான் நம் வாசகர்கள் அதிகம் அறிந்திருப்பார்கள். செய்தியில் அடிபடும் நிறுவனம் எதுவானாலும் அதை மதிப்பிட்டு, எக்செல் தாளோடு பொதுவெளியில் வைக்கிறார். 2014 ஜூனில் ஊபர் 17 பில்லியன் டாலர் மதிப்பில் பணம் திரட்டியபோது, தன் கணக்கில் அது 5.9 பில்லியன்தான் என்று எழுதினார். ஊபரின் இயக்குநர் குழுவில் இருந்த முதலீட்டாளர் பில் கர்லி அடுத்த மாதமே விரிவான மறுப்பு எழுதினார். தாமோதரன் ஊபரை டாக்சிச் சந்தைக்குள் அடக்கிப் பார்க்கிறார், சொந்தக் கார் வைத்திருப்பவர்களும் இதற்கு மாறினால் சந்தையின் அளவே வேறு என்பது கர்லியின் வாதம். தாமோதரன் அதை ஒதுக்கவில்லை. கர்லியின் கதையை எடுத்துத் தன் தாளிலேயே போட்டுப் பார்த்து, அந்தக் கதை உண்மையானால் மதிப்பு எவ்வளவு உயரும் என்று காட்டினார். 2015 செப்டம்பரில் தன் மதிப்பீட்டை 23.4 பில்லியனாக மாற்றி, எந்த அனுமானங்களில் தான் தவறினேன் என்பதையும் எழுதினார். மதிப்பீட்டில் வாதம் செய்வது எப்படி என்பதற்கு இந்த ஓராண்டுப் பரிமாற்றத்தைவிடச் சிறந்த பாடத்தை நான் வகுப்பறையில் பயன்படுத்தியதில்லை.

இந்தியாவில் அவர் பெயர் வீட்டுப் பெயரானது 2021இல். அந்த ஜூலையில் 76 ரூபாய்க்குப் பங்கு வெளியிட்ட சொமேட்டோவை அவர் ஏறத்தாழ 41 ரூபாய் என்று மதிப்பிட்டார். பட்டியலான அன்றே 115 ரூபாயைத் தாண்டிய பங்கைப் பார்த்துப் பலர் அவரை ஏளனம் செய்தார்கள். ஓராண்டு கழித்து, 2022 ஜூலையில், பங்கு 41 ரூபாய் அருகே வந்தபோது அதே வாய்கள் அவரைத் தீர்க்கதரிசி என்றன. 2024இல் பங்கு 250 ரூபாயைக் கடந்தபோது மறுபடியும் ஏளனம். அதே 2021 நவம்பரில் 2,150 ரூபாய்க்கு வெளியான பேடிஎம்மின் மதிப்பை ஏறத்தாழ 2,190 என்று அவர் எழுதியிருந்தார். பட்டியலான முதல் நாளிலேயே அந்தப் பங்கு 27 சதவீதம் வீழ்ந்தது. இந்த இரண்டு நிகழ்வுகளையும் ஒரே நாளில் வகுப்பில் வைக்கிறேன். ஒன்றில் கொஞ்ச காலம் சரி, ஒன்றில் உடனே தவறு என்று மாணவர்கள் எழுதத் தொடங்கும்போது, அவருடைய தாளைத் திறந்து எந்த வரியில் உங்களுக்கு உடன்பாடில்லை என்று கேட்கிறேன். சொமேட்டோ தாளில் சந்தையின் அளவு, அதில் நிறுவனத்தின் பங்கு, ஒவ்வோர் ஆர்டரிலும் அதற்குக் கிடைக்கும் கமிஷன், முதிர்ந்த நிலையில் லாப விகிதம் என்று நான்கைந்து உள்ளீடுகளே உண்டு. உணவைத் தாண்டி மளிகையைப் பத்து நிமிடத்தில் கொண்டுபோய்க் கொடுக்கும் வியாபாரம் அந்தக் கதையில் இல்லை என்று ஒரு மாணவர் விரல் வைத்துக் காட்டினார். அந்த நிறுவனம் பின்னாளில் எங்கே வளர்ந்தது என்பதை நினைத்தால், 41 என்ற எண்ணைத் திட்டியவர்களைவிட அந்த மாணவர் ஆழமாகப் படித்திருக்கிறார் என்றே சொல்வேன்.

அவருடைய எண்ணைக் கடன் வாங்கிப் பங்கு வாங்குபவர்களுக்கும், அந்த எண் பலிக்கவில்லை என்று கோபப்படுபவர்களுக்கும் இந்தச் சேவை பயன்படாது. அவரே விலை வேறு, மதிப்பு வேறு என்று முதல் வகுப்பிலிருந்தே பிரிக்கிறார். தன் மதிப்பீட்டை ஒற்றை எண்ணாக மட்டும் விடாமல், அனுமானங்கள் மாறினால் மதிப்பு எவ்வளவு தூரம் பரவும் என்ற வரைபடத்தையும் பல சமயங்களில் சேர்த்தே தருகிறார். தான் மதிப்பிட்ட பங்கைத் தானே வாங்கினாரா விற்றாரா என்பதையும் எழுதிவிடுகிறார். தொலைக்காட்சியில் இலக்கு விலை சொல்பவர்களிடம் இந்த ஒழுக்கத்தை எதிர்பார்த்துப் பழகியிராத நமக்கு இது புதிது.

அவருடைய தாள்களில் அதிகம் பயன்படுவது, எந்த நிறுவனத்தையும் மதிப்பிட உதவும் பொதுவான எக்செல் கோப்பு. உள்ளீடுகளுக்கு ஒரு பக்கம், மதிப்பு வரும் பக்கம், கதையை எண்ணாக்கும் பக்கம், ஆராய்ச்சிச் செலவை மூலதனமாக மாற்றும் பக்கம், குத்தகையைக் கடனாக மாற்றும் பக்கம், நிறுவனம் முறிந்துபோகும் வாய்ப்பைக் கணக்கிடும் பக்கம், நாடுகளின் ரிஸ்க் பிரீமியம், துறைச் சராசரிகள் என்று எல்லாம் ஒரே கோப்பில் உண்டு. முதல் தடவை திறக்கும் பலருக்கும் வட்டச் சார்பு (circular reference) என்ற எச்சரிக்கை வந்து, கோப்பு கெட்டுவிட்டது என்று மூடிவிடுவார்கள். எக்செல் அமைப்பில் திரும்பத் திரும்பக் கணக்கிடும் (iterative calculation) வசதியை அனுமதித்துவிட்டால் சரியாகிவிடும். கோப்பிலேயே அந்தக் குறிப்பு இருக்கிறது, ஆனால் அவசரத்தில் யாரும் வாசிப்பதில்லை. என் வகுப்பில் ஒரு மாலை முழுவதும் இதிலேயே போனது.

குறைகளையும் சொல்ல வேண்டும். இணையதளத்தின் தோற்றம் இருபது ஆண்டுகளுக்கு முந்தையது. ஒரே பொருளுக்கு மூன்று நான்கு இடங்களில் இணைப்பு இருக்கிறது. புதியது எது, பழையது எது என்று தெரிந்துகொள்ளவே ஒரு வாரம் பழக வேண்டும். நிறுவன நிதி வகுப்பின் உதாரணங்களில் பல 2013ஆம் ஆண்டுக் கணக்குகளிலேயே நிற்கின்றன. தரவை ஆண்டுதோறும் புதுப்பிப்பவர் உதாரணங்களையும் புதுப்பித்தால் நன்றாக இருக்கும். அவர் பேசும் வேகம் அதிகம். தமிழ்வழியில் பள்ளிப் படிப்பை முடித்த மாணவர்களுக்கு ஒரு வகுப்பை இரண்டு தடவை, வேகத்தைக் குறைத்துக் கேட்டால்தான் பிடிபடுகிறது. வரி, கணக்கு விதிகள் பற்றிய பகுதிகள் அமெரிக்காவையே மையமாகக் கொண்டவை.

இவற்றைவிட முக்கியமான குறை இந்தியத் தாளில் உள்ள துறைப் பிரிவுகள். உலகம் முழுவதற்கும் அதே தொண்ணூறு சொச்சப் பிரிவுகள் என்பதால், சில துறைகளில் இந்திய நிறுவனங்கள் விரல்விட்டு எண்ணும் அளவிலேயே இருக்கின்றன; அந்தச் சராசரியில் ஒரே பெரிய நிறுவனத்தின் குணம் முழுவதும் வந்து அமர்ந்துவிடும். என் மாணவி ஒருவர் பட்டியலிட்ட ஒரு நூற்பாலையை மதிப்பிட்டார். நூற்பாலைக்கு ஏற்ற தனிப் பிரிவு கிடைக்காமல், ஆடைத் துறையின் சராசரியை எடுத்துக்கொண்டார். பஞ்சு விலையோடும் மின்கட்டணத்தோடும் போராடும் ஆலையும், பெயர்பெற்ற ஆயத்த ஆடைக் கடைகளும் ஒரே சராசரிக்குள் வந்ததால், லாப விகிதம் கணக்கில் பெரிதாகி, ஆலையின் மதிப்பு சந்தை விலையைப் போல இரண்டு மடங்கு வந்தது. பன்னிரண்டு நூற்பாலைகளின் ஆண்டறிக்கைகளை அவரே எடுத்துச் சொந்தச் சராசரி தயாரித்தபின்தான் எண் நம்பும்படி ஆனது. தரவுத் தாளில் ஒவ்வொரு துறையிலும் எத்தனை நிறுவனங்கள் என்ற எண்ணிக்கையும் இருக்கிறது. இந்தியத் தாளைத் திறப்பவர்கள் சராசரியைப் பார்க்கும் முன் அந்த எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும்.

வங்கிகளை மதிப்பிட விரும்புவோருக்கும் ஒரு சொல். வங்கிக்குக் கடன் என்பது மூலப்பொருள் என்பதால் மேலே சொன்ன பொதுக் கோப்பு அதற்குப் பொருந்தாது. தனி வகுப்பும் தனிக் கோப்பும் இருக்கின்றன, தரமானவைதான். ஆனால் நம் சந்தையில் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் வகிக்கும் இடத்தை நினைத்தால், அந்தப் பகுதிக்கு அவர் ஒதுக்கியிருக்கும் நேரம் போதவில்லை.

யாருக்கு இதைப் பரிந்துரைப்பேன் என்றால், முதுகலை வணிகவியல் மாணவர்களுக்கும், பட்டயக் கணக்காளர் படிப்பின் இறுதி நிலையில் இருப்பவர்களுக்கும், நிதி கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். இருப்புநிலைக் குறிப்பைப் படிக்கத் தெரியாதவர் அவருடைய கணக்கியல் வகுப்பை முதலில் முடிக்க வேண்டும். பிறகு சுருக்கக் காணொளிகளில் நிறுவன நிதி, அதன்பின் முழுநீள வகுப்பில் மதிப்பீடு என்ற வரிசை எங்கள் மாணவர்களுக்குப் பொருந்தியது. முதல் வாரத்திலேயே ஒரு நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் அதன் ஆண்டறிக்கையில் அந்தப் பகுதியைப் போட்டுப் பார்த்தவர்கள் மட்டுமே கடைசிவரை வந்தார்கள். வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ஆறாவது வாரத்தில் நின்றுவிட்டார்கள். முழு வகுப்பையும் வாரம் இரண்டாகப் பின்தொடர்ந்தால் நான்கு மாதம் ஆகும், வீட்டுப்பாடத்துக்கு அதைப்போல இன்னொரு மடங்கு நேரம் வேண்டும். நான் இப்போது என் பருவத்தின் முதல் தேர்வை ஜனவரி மூன்றாம் வாரத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறேன். அந்த ஆண்டின் புதிய தாள் அதற்குள் வந்துவிடும்; வினாத்தாளில் பீட்டாவையும் ரிஸ்க் பிரீமியத்தையும் நான் கொடுப்பதில்லை, எந்தத் தாளிலிருந்து எந்தத் தேதிக்குரியதை எடுத்தேன் என்று மாணவரே எழுத வேண்டும்.